நெட் தேர்வு மறுபடியும்: அதே பாடமா, வேறு பாடமா?

கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வான யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெட்டின் ரிசல்ட் வந்த வாரத்தில் இரண்டு வகை ஆட்கள் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். ஒருவர் நாலைந்து மதிப்பெண்ணில் கோட்டை விட்டவர். "நம்ம பாடத்துல கட்ஆஃப் ஏறிக்கிட்டே போகுது, வேற பாடத்துல எழுதிப் பார்க்கலாமா?" என்பார். இன்னொருவர் ஏற்கெனவே பாஸ் செய்தவர். இன்னொரு பாடத்திலும் நெட் இருந்தால் இரண்டு துறைகளுக்கு விண்ணப்பிக்கலாமே என்று அவர் கணக்குப் போடுவார். இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஆனால் இருவரும் பார்க்கத் தவறும் இடம் ஒன்றுதான்.

எழுதத் தடை எதுவும் இல்லை. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு நெட்டுக்குக் கிடையாது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பும் கிடையாது. ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு பருவம். ஒரு பருவத்துக்கு ஒரு விண்ணப்பம், ஒரு பாடம். கட்டணம் 2024 நிலவரப்படி பொதுப்பிரிவுக்கு 1,150 ரூபாய், ஓபிசிக்கு 600, எஸ்சி எஸ்டிக்கு 325. ஆக, எழுதுவதில் சிரமம் இல்லை. பாஸான பிறகு அந்தச் சான்றிதழை எந்தத் துறையின் வாசலில் கொண்டுபோய் நீட்டப் போகிறோம் என்பதில்தான் சிக்கலே.

நெட் பாதி, முதுகலை மீதி

யுஜிசியின் 2018 விதிமுறையைப் பாருங்கள். உதவிப் பேராசிரியராக இரண்டு விஷயம் வேண்டும். சம்பந்தப்பட்ட பாடத்திலோ அதனோடு தொடர்புடைய பாடத்திலோ 55 விழுக்காட்டோடு முதுகலை. அதன் மேல் நெட் அல்லது மாநில அளவில் நடக்கும் செட் தேர்வு. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. பிஎச்.டி. முடித்தவர்களுக்கு நெட்டிலிருந்து விலக்கு தரும் பிரிவுகளும் உண்டு. நெட் மட்டும் தனியாக எந்தத் துறைக்குள்ளும் உங்களை நுழைக்காது. எம்.காம். படித்தவர் சமூகவியலில் நெட் பாஸ் செய்தால், சமூகவியல் துறைக்கு அவர் எம்.காம். பட்டதாரிதான், வணிகவியல் துறைக்கு அவர் நெட் இல்லாதவர்.

தேர்வு நடத்தும் என்டிஏவின் தகவல் கையேட்டிலும் இதற்கான குறிப்பு இருக்கிறது. முதுகலையில் படித்த பாடத்திலேயே எழுதுங்கள் என்கிறது. உங்கள் முதுகலைப் பாடம் நெட் பட்டியலில் இல்லை என்றால் மட்டும் தொடர்புடைய பாடத்தில் எழுதலாம். விண்ணப்பிக்கும்போது யாரும் உங்கள் மார்க்‌ஷீட்டை வாங்கிப் பார்ப்பதில்லை. நீங்கள் சொல்வதை நம்பி ஹால் டிக்கெட் தருகிறார்கள், பாஸானால் சான்றிதழும் வரும். தகுதியைச் சரிபார்க்கும் வேலை, வேலை கொடுப்பவர் தலையில் விழுகிறது. அதனால்தான் பலர் பொருந்தாத பாடத்தில் பாஸ் செய்துவிட்டு, சில வருடம் கழித்து சர்டிபிகேட் வெரிபிகேஷன் மேசையில் மாட்டுகிறார்கள்.

2025 ஜனவரியில் யுஜிசி ஒரு வரைவு விதிமுறை வெளியிட்டது. முதுகலை வேறு பாடமாக இருந்தாலும், நெட் எந்தப் பாடத்தில் பாஸானாரோ அந்தப் பாடத்தைக் கற்பிக்கலாம் என்ற யோசனை அதில் இருந்தது. தமிழ்நாட்டில் துணைவேந்தர் நியமனம் பற்றிய பகுதிதான் பெரிய சர்ச்சையானது. சட்டமன்றத்தில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். அந்தச் சத்தத்தில் இந்தப் பாட விஷயம் அடிபட்டுப் போய்விட்டது. ஆனால் பயிற்சி மையங்கள் இதைப் பிடித்துக்கொண்டு "இனி யாரும் எந்தப் பாடத்திலும் எழுதலாம்" என்று விளம்பரம் செய்யத் தொடங்கின. வரைவு என்பது வரைவுதான். நீங்கள் விண்ணப்பிக்கும் பணியின் அறிவிப்பில் என்ன தகுதி அச்சாகியிருக்கிறதோ, அதுதான் உங்களுக்குச் சட்டம்.

நான்கு ஆண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு எடுத்தவர்கள் எந்தப் பாடத்தில் வேண்டுமானாலும் எழுதலாம் என்று 2024 முதல் ஒரு சலுகை உண்டு. அது பிஎச்.டி. சேர விரும்புகிறவர்களை மனதில் வைத்துச் செய்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் மூன்றாண்டு பட்டமும் இரண்டாண்டு முதுகலையும் முடித்து வருகிறவர்கள் என்பதால் அதை இங்கே விட்டுவிடலாம்.

கட்ஆஃப் குறைவான பாடம் சுலபமான பாடமா?

வேறு பாடத்துக்குத் தாவ நினைப்பவர்களில் பாதிப் பேர் சொல்லும் காரணம் இதுதான். "அங்கே போட்டி கம்மி, கட்ஆஃப் கம்மி." இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நெட்டில் இடங்கள் பிரிக்கப்படும் முறை பலருக்குத் தெரியாது.

எல்லோருக்கும் பொதுவான முதல் தாள், பாடத் தாள் என்று இரண்டு தாளையும் எழுதியவர்களில் 6 விழுக்காட்டினர் தகுதி பெறுவார்கள். அந்த மொத்த இடங்களை முதலில் பொது, ஓபிசி, எஸ்சி என்று பிரிவுவாரியாகப் பிரிப்பார்கள். அதன் பிறகு பாடவாரியாகப் பங்கு போடுவார்கள். பங்கு எப்படி? ஒரு பிரிவில் அந்தப் பாடத்தில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தவர்கள் எத்தனை பேரோ, அந்த விகிதத்தில். குறைந்தபட்சம் என்பது இரண்டு தாளும் சேர்த்து பொதுப்பிரிவுக்கு 40 விழுக்காடு, எஸ்சி, எஸ்டி, ஓபிசி போன்ற இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 35.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு பிரிவில் நாடு முழுக்க 1,00,000 பேர் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தார்கள், இடங்கள் 10,000 என்று வையுங்கள். ஒரு பெரிய பாடத்தில் அப்படி எடுத்தவர்கள் 20,000 பேர் என்றால் அந்தப் பாடத்துக்கு 2,000 இடம். ஒரு சின்னப் பாடத்தில் 300 பேர் என்றால் 30 இடம். இரண்டிலும் பத்துக்கு ஒருவர்தான். எழுதுகிறவர்கள் குறைந்தால் இடமும் குறைகிறது. கூட்டம் இல்லாத பாடம் என்பதால் வாசல் அகலமாகிவிடுவதில்லை.

அப்படியென்றால் கட்ஆஃப் ஏன் பாடத்துக்குப் பாடம் மாறுகிறது? கேள்வித்தாள் கடினமாக இருந்தால் எல்லோருமே குறைவாக எடுப்பார்கள், கட்ஆஃப் இறங்கும். அந்தக் கடினம் உங்களுக்கும் சேர்த்துத்தான். வெளியாளாகப் போகிறவருக்கு அது இன்னும் கூடுதல் கடினம். மொழியியல், தொல்லியல் மாதிரிச் சின்னப் பாடங்களில் எழுதுகிறவர்களில் கணிசமானவர்கள் அந்தப் பாடத்தையே முதுகலையில் இரண்டு வருடம் படித்தவர்கள். பத்துக்கு ஒருவர் என்றால் அந்தப் பத்தில் மற்ற ஒன்பது பேர் யார் என்று பார்க்க வேண்டாமா?

கட்ஆஃப் பட்டியலை மட்டும் பார்த்துப் பாடத்தை மாற்றுவது என் கணக்கில் இருப்பதிலேயே பலவீனமான முடிவு. வேறு நல்ல காரணம் இருந்து, அதோடு கட்ஆஃபும் சாதகமாக இருந்தால் சரி.

அதே பாடத்தில் மறுபடி எழுதுவது

கேட்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் நான்கு பேரில் மூன்று பேருக்கு நான் சொல்வது இதைத்தான்.

மொத்தம் 300 மதிப்பெண். அதில் முதல் தாள் 50 கேள்விக்கு 100, பாடத் தாள் 100 கேள்விக்கு 200. மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது இல்லை. முதல் தாளில் பத்து அலகு, அலகுக்கு ஐந்து கேள்வி: கற்பித்தல் திறன், ஆய்வுத் திறன், தர்க்கம், தரவு விளக்கம், தகவல் தொழில்நுட்பம், உயர்கல்வி அமைப்பு என்று போகும். கலைப்பிரிவு மாணவர்கள் கணிதக் காரணவியலையும் தரவு விளக்கத்தையும் கண்டாலே ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த இரண்டு அலகும் சேர்ந்து பத்துக் கேள்வி, 20 மதிப்பெண். நாலைந்து மதிப்பெண்ணில் தவறவிட்டவருக்கு அந்த 20 எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்தால் போதும். பாடத்தை மாற்றி 200 மதிப்பெண் சிலபஸைப் புதிதாகத் தொடங்குவதும், எல்லாப் பாடத்துக்கும் பொதுவான முதல் தாளில் பத்துக் கேள்வியைக் கூடுதலாகச் சரி செய்வதும் ஒரே அளவு உழைப்பா?

முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் இலக்கியத்தில் எழுதுகிறவருக்கும் இதே நிலைதான். தமிழ்ப் பாட மாணவர்கள் தவறவிடும் மதிப்பெண்ணில் கணிசமான பங்கு இங்கேதான் போகிறது. அவர்கள் வேறு பாடத்துக்குத் தாவினால், பாடத் தாளும் ஆங்கிலத்தில் வந்து நிற்கும். இருந்த ஒரே சாதகமும் போய்விடும்.

உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் கிடைத்து ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைக்காதவர்கள் அதே பாடத்தில் மறுபடி எழுதுவதற்கு இன்னும் வலுவான காரணம் உண்டு. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆனதும் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் தொகையின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இதற்கு வயது வரம்பு இருக்கிறது: 30. பெண்களுக்கும், ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. 27, 28 வயதில் நெட் மட்டும் கையில் இருக்கும் ஒருவர், மீதி இருக்கும் பருவங்களை இரண்டாவது பாடத்தில் செலவழிப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வாழ்நாள் முழுக்க எழுதலாம். ஜே.ஆர்.எஃப்.புக்கு அப்படி இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. யுஜிசியின் 2018 விதிமுறையில் கல்லூரிகளுக்கான பட்டியலில், நேர்காணலுக்கு ஆட்களை வடிகட்டும்போது ஜே.ஆர்.எஃப்.புக்கு 10 மதிப்பெண், நெட்டுக்கு 8, செட்டுக்கு 5 என்று இருக்கிறது. இந்தப் பகுதிக்கு உச்ச வரம்பே 10 தான். இரண்டு பாடத்தில் நெட் வைத்திருப்பவருக்கு எட்டும் எட்டும் பதினாறு கிடைக்காது. அந்த முறைப்படி ஆள் எடுக்கும் இடத்தில் இரண்டாவது சான்றிதழால் கூடுதல் மதிப்பெண் வராது. அது உதவுவது ஒன்றுக்குத்தான்: வேறொரு துறைக்கு விண்ணப்பிக்க. அந்தத் துறைக்குத் தேவையான முதுகலை கையில் இருந்தால்.

இருக்கும் பட்டத்தை வைத்தே வேறு பாடம்

இதில் நியாயமான ஒரு கூட்டம் உண்டு. ஒரே முதுகலை, ஆனால் நெட் பட்டியலில் இரண்டு தலைப்பின் கீழ் பொருந்துகிறவர்கள்.

எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பில் மனிதவள மேலாண்மையைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்களைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இவர்கள் ஏராளம். நெட் பட்டியலில் 10 என்ற எண்ணில் சமூகப்பணி இருக்கிறது. 55 என்ற எண்ணில் தொழிலாளர் நலம், பணியாளர் மேலாண்மை, தொழிலுறவு, மனிதவள மேலாண்மை எல்லாம் ஒரே பாடமாக இருக்கிறது. எம்.பி.ஏ.வில் மனிதவளம் எடுத்தவருக்கு இதே மாதிரி 17-ஆம் எண் மேலாண்மையும் 55-ம். ஒன்றில் தவறியவர் மற்றதில் எழுதுவதை யாரும் குறுக்கு வழி என்று சொல்ல முடியாது. பாடத்தில் பாதிக்கு மேல் ஏற்கெனவே படித்ததுதான். தொழிலாளர் சட்டங்களும் தொழிலுறவும் பிடித்தவர்களுக்கு 55 வசதியானது.

ஆனால் வாசல் கணக்கை இங்கேயும் போட வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ. துறையில் வேலை என்றால் அறிவிப்பில் சமூகப்பணி நெட் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். 55-ல் பாஸானவர் மனிதவளத்தைத் தனித் துறையாக நடத்தும் கல்லூரிகளைத் தேடிப் போக வேண்டும்; சென்னை சமூகப்பணிக் கல்லூரி மாதிரி சில இடங்களில் அப்படித் துறை இருக்கிறது, ஆனால் அவை எண்ணிக்கையில் குறைவு. எம்.பி.ஏ. கல்லூரியைக் குறிவைக்கிறவருக்கு நெட்டே அவ்வளவு முக்கியமில்லை. அங்கே தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி வருகிறது, அதில் முதல் வகுப்பும் இரண்டாண்டு பணி அனுபவமும்தான் அடிப்படை. அப்படியானால் எண் 10-ல் தவறிய எம்.எஸ்.டபிள்யூ. மாணவர் என்ன செய்யலாம்? பெரும்பாலும் 10-லேயே மறுபடி எழுதலாம் என்பேன். மனிதவளத்திலேயே பிஎச்.டி. செய்யப் போகிறேன் என்ற தெளிவு உள்ளவர் மட்டும் 55-க்குப் போகலாம்.

எம்.ஏ. தமிழ் படித்தவர்களுக்குப் பக்கத்துப் பாடங்கள் நிறையத் தெரியும்: மொழியியல், நாட்டார் இலக்கியம், ஒப்பிலக்கியம், இந்தியப் பண்பாடு, தொல்லியல். எம்.ஏ.வில் தொல்காப்பியம் எழுத்ததிகாரமும் மொழியியல் தாளும் படித்திருக்கிறோமே என்ற தைரியம் இருக்கும். ஆனால் நெட் மொழியியல் தாளின் ஒலியனியல், தொடரியல் கோட்பாடுகள் அந்தத் தைரியத்தைச் சீக்கிரம் சோதித்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம் துறைகளின் எண்ணிக்கை. தமிழ்த்துறை இல்லாத கலை அறிவியல் கல்லூரி தமிழ்நாட்டில் அபூர்வம். இளநிலையில் பகுதி ஒன்று பாடமாகப் பெரும்பாலோர் படிப்பதால் எல்லாக் கல்லூரிக்கும் தமிழாசிரியர் வேண்டும். மொழியியலுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் என்று விரல்விட்டு எண்ணும் இடங்கள்தான். அங்கே ஒரு பணியிடம் காலியானால் விண்ணப்பிக்கிறவர்கள் மொழியியலிலேயே முதுகலையும் முனைவர் பட்டமும் பெற்றவர்கள். தமிழ் நெட்டில் போட்டி அதிகம் என்று ஓடிப்போய், இடமே இல்லாத வரிசையில் நிற்பதில் என்ன லாபம்?

ஆங்கில இலக்கியத்துக்காரர்களுக்கும் இதே பதில்தான். ஆங்கில நெட் சிலபஸில் மொழி பற்றி ஒரு அலகு இருக்கிறது என்பதற்காக மொழியியலுக்குப் போவது கஷ்டத்தை விலை கொடுத்து வாங்குவது.

வரலாறு படித்து தொல்லியலுக்கோ சுற்றுலாவுக்கோ போவது, அரசியல் அறிவியல் படித்து பொது நிர்வாகத்துக்கோ மனித உரிமைகளுக்கோ போவது இவற்றைவிடக் கொஞ்சம் நெருக்கமான தாவல்கள். அப்போதும் கேள்வி அதே கேள்விதான்: உங்கள் ஊரைச் சுற்றி எத்தனை கல்லூரியில் அந்தத் துறை இருக்கிறது?

அறிவியல் மாணவர்களுக்குத் தனி உலகம். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிர் அறிவியல், புவி அறிவியல் எல்லாம் அறிவியல் பாடங்களுக்கெனத் தனியாக நடக்கும் சிஎஸ்ஐஆர் நெட்டில் வருகின்றன. அங்கே பல பகுதிகளில் தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். அதற்குப் பயந்து எம்.எஸ்சி. கணிதம் முடித்தவர் யுஜிசி நெட்டில் கணினி அறிவியல் எழுதலாமா என்று கேட்பார். பாஸ் செய்துவிடக்கூடும். கணினித் துறையில் முதுகலை எங்கே என்று கேட்டால்? உயிர் அறிவியலில் இருந்து சுற்றுச்சூழல் அறிவியலுக்குப் போகிறவர்களுக்கும் அறிவிப்பைப் படித்துப் பார் என்பதைத் தாண்டி ஒன்றும் சொல்வதற்கில்லை.

இரண்டாவது முதுகலை, அதன் பிறகு இரண்டாவது நெட்

வேறு பாடத்தில் நெட் எழுதுவதற்கு முழு அர்த்தம் கிடைப்பது இந்த வழியில்தான். செலவும் காலமும் இதில்தான் அதிகம்.

நம் ஊரில் இதற்குச் சரியான உதாரணம் எம்.காம். முடித்து வணிகவியலில் நெட் பாஸ் செய்தவர், கூடவே தொலைநிலையில் எம்.பி.ஏ. முடித்து மேலாண்மையிலும் நெட் எழுதுவது. சிலபஸை வைத்துப் பார்த்தால் இது மிகவும் சிக்கனமான தாவல். வணிகவியல் தாளில் வரும் நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம், வணிகப் பொருளியல், புள்ளியியல் எல்லாம் மேலாண்மைத் தாளிலும் ஏதோ ஒரு வடிவில் வருகின்றன. வருமான வரியும் தணிக்கையும் கழன்றுகொள்ளும். உத்தி மேலாண்மை, நிறுவன நடத்தை, உற்பத்தி மேலாண்மை இவை சேரும். முதல் தாளுக்கு ஏற்கெனவே தயாரித்தது அப்படியே நிற்கும். வாசலும் உண்மையாகவே கூடுகிறது: பி.காம். துறையோடு பி.பி.ஏ. துறையும் சேரும். சுயநிதிக் கல்லூரிகளில் பி.காம்., பி.பி.ஏ. இரண்டுக்கும் பாடம் எடுக்கக்கூடியவர் என்றால் நிர்வாகம் உடனே காது கொடுக்கும். இரண்டு ஆள் வேலையை ஒருவர் தலையில் கட்டலாம் என்ற சந்தோஷமும் அதில் இருக்கலாம். அது வேறு கதை.

எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி.யோடு எம்.எட். முடித்தவர்களும் இந்த வகைதான். கல்வியியல் என்ற 09-ஆம் எண்ணில் நெட் எழுதினால் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பி.எட். கல்லூரிகள் திறக்கும். இவர்களிடம் இரண்டு பட்டமும் ஏற்கெனவே இருப்பதால், எந்தப் பாடத்தில் முதலில் எழுதுவது என்பது மட்டும்தான் கேள்வி. கலைக் கல்லூரி வேலைதான் கனவு என்றால் முதுகலைப் பாடத்தில் முதலில் எழுதுங்கள். பி.எட். கல்லூரியில் இப்போதே வேலை பார்க்கிறீர்கள், தகுதி இல்லை என்பதால் சம்பளம் ஏறவில்லை என்றால் கல்வியியல் முதலில்.

இரண்டாவது பட்டத்துக்குச் சேரும் முன் மூன்று விஷயத்தில் கண்ணாக இருக்க வேண்டும். தொலைநிலைப் படிப்பு என்றால் அந்தக் குறிப்பிட்ட ஆண்டில், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியது என்பது போதாது. அனுமதி ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. அடுத்தது பட்டத்தின் பெயர். எம்.காம். கணினிப் பயன்பாடு, எம்.ஏ. செயல்முறைத் தமிழ் என்று பெயர் கொஞ்சம் மாறினாலும், அரசு வேலைக்கு அது மூலப் பாடத்துக்கு இணையானதா என்பதற்கு அரசாணை தேடி அலைய வேண்டிவரும். சேரும் முன்பே அந்த இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். மூன்றாவது, மதிப்பெண். தொலைநிலையில் பாஸானால் போதும் என்று 52 விழுக்காட்டில் முடித்தால், பொதுப்பிரிவுக்காரருக்கு நெட் எழுதவே தகுதி இல்லாமல் போகும்.

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாமா என்ற பயம் இப்போது வேண்டாம். 2022-ல் யுஜிசி அதை அனுமதித்துவிட்டது. ரெகுலரில் ஒன்று, தொலைநிலையில் ஒன்று என்று படிக்கலாம்.

செட், பிஎச்.டி.: மறந்துபோகும் இரண்டு வழிகள்

பாடத்தை மாற்றும் முன் தேர்வை மாற்றிப் பார்த்தீர்களா? தமிழ்நாட்டு செட் தேர்வு உதவிப் பேராசிரியர் தகுதிக்கு நெட் போலவேதான், ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும். ஜே.ஆர்.எஃப். கிடையாது. பெரிய குறை, எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2018-க்குப் பிறகு நீண்ட இடைவெளி விட்டு, 2024-ல் அறிவித்துத் தள்ளிப்போய், கடைசியில் ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி. நடத்தி முடித்தபோது 2025 மார்ச். வரும்போது உங்கள் பாடத்தில் எழுதிவிடுங்கள். அதை நம்பி நெட்டை நிறுத்த வேண்டாம். வெளிமாநில வேலையும் மத்தியப் பல்கலைக்கழகமும் மனதில் இல்லாதவருக்கு, வேறு பாடத்தில் நெட் வாங்குவதைவிடச் சொந்தப் பாடத்தில் செட் வாங்குவது எவ்வளவோ மேல்.

அரசுக் கல்லூரி வேலையை மட்டும் நம்பி இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு டி.ஆர்.பி. அறிவிப்பு வந்து, ஆகஸ்டில் நடக்க இருந்த தேர்வு தள்ளிப்போனது. அங்கே எழுத்துத் தேர்வும் உண்டு. இரண்டாவது நெட்டுக்குச் செலவழிக்கும் அதே ஆறு மாதத்தைச் சொந்தப் பாடத்தை ஆழமாகப் படிப்பதில் போட்டால், நெட் மறுதேர்வுக்கும் டி.ஆர்.பி. எழுத்துத் தேர்வுக்கும் சேர்த்துப் பயன்படும். புதுப் பாடத்தில் படித்தது டி.ஆர்.பி.யில் உதவாது.

பிஎச்.டி. பக்கம் நிலைமை 2024-க்குப் பிறகு மாறியிருக்கிறது. நெட் ரிசல்ட் இப்போது மூன்று வகையாக வருகிறது: ஜே.ஆர்.எஃப்.போடு உதவிப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி. சேர்க்கை, பிஎச்.டி. சேர்க்கை மட்டும். பின்னிரண்டு வகையினருக்கும் சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30. துறை கடந்த ஆய்வு செய்ய விரும்புகிறவருக்கு, உதாரணமாக ஆங்கிலம் படித்துவிட்டு ஊடக ஆய்வுக்குப் போக நினைப்பவருக்கு, மாற்றுப் பாட நெட் இங்கே நியாயமாகவே கைகொடுக்கலாம். முதலில் வழிகாட்டியிடமும் துறையிடமும் பேசி, இந்த முதுகலையோடு எங்கள் துறையில் சேர்க்க முடியும் என்று அவர்கள் சொன்ன பிறகு எழுதுங்கள். எழுதிவிட்டு வழிகாட்டியைத் தேடுவது தலைகீழ்ப் பாடம்.

இதில் காலக்கெடுவையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜே.ஆர்.எஃப். கடிதம் மூன்று ஆண்டு செல்லும். பிஎச்.டி. சேர்க்கைக்கான மதிப்பெண் ஓர் ஆண்டுதான். வழிகாட்டியிடம் காலியிடம் அடுத்த வருடம்தான் என்றால், இந்த ஜூனில் அவசரப்பட்டு எழுத வேண்டியதில்லை, டிசம்பரில் எழுதலாம். இரண்டாவது முதுகலை படிப்பவர்கள் இறுதியாண்டிலேயே நெட் எழுதிவிடலாம், ரிசல்ட் வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பட்டத்தை 55 விழுக்காட்டோடு முடித்துக் காட்ட வேண்டும். தொலைநிலையில் அரியர் வைத்துக்கொண்டு இழுப்பவர்கள் இந்த இரண்டு ஆண்டைத் தாண்டிவிட்டால், பாஸான நெட் அப்படியே கைவிட்டுப் போகும். எம்.பி.ஏ. முதல் செமஸ்டர் அரியரை முதலில் முடியுங்கள், அப்புறம் மேலாண்மை நெட்டுக்கு விண்ணப்பம் போடலாம்.